வாசல்படிக்கும் பஸ் படிக்கும் நடுவே

அப்பாவுக்கு வயது 74. சென்னையில் 60 வயது தாண்டியவர்கள் மாநகர பஸ்ஸில் இலவசமாகப் போய்வர, 2016 முதல் மாதம் 10 டோக்கன் தருகிறார்கள். முன்பெல்லாம் இருபதாம் தேதிக்கே அவருக்கு அது தீர்ந்துவிடும். மயிலாப்பூரில் ஒரு கச்சேரி, பழைய அலுவலக நண்பர் வீடு, கோயம்பேட்டில் மலிவாகக் காய்கறி என்று சுற்றி வருவார். ஒன்பது மாதமாக டோக்கன்கள் அலமாரியில் அப்படியே கிடக்கின்றன.

காரணம், பெயர்ந்து கிடந்த ஒரு பிளாட்பாரக் கல். சென்னையை ஒட்டிய எங்கள் பகுதியில், போன ஐப்பசி மழையின்போது அதில் கால் இடறி விழுந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. முட்டியில் சிராய்ப்பு மட்டும். ஆனால் மறுநாளிலிருந்து அவர் செருப்பு வாசலைவிட்டு நகரவில்லை.

காயம் பத்து நாளில் ஆறியது, பயம் ஆறவில்லை. பயந்து உட்கார்ந்தே இருந்ததில் தொடைத் தசை இளைத்தது. தசை இளைக்க, எழும்போதே தள்ளாட்டம். தள்ளாட்டத்தைப் பார்த்து இன்னும் பயம். வயதானவர்கள் பலர் வீட்டுக்குள் முடங்குவது இப்படித்தான்.

இதிலிருந்து மீள வழி இருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, அடி மேல் அடி ஒட்டவைத்துக் கூடத்தில் நேர்கோடாக நடப்பது. இரண்டு மாதத்தில் அப்பா துணையில்லாமல் மொட்டை மாடிக்கு ஏறினார். “நாளையிலேர்ந்து தெருவுக்குப் போகலாம் சார்” என்றார் அந்தப் பெண்.

தெருவில் அந்தத் தைரியம் நாற்பது அடிகூடத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப் வரை அவரோடு நடந்தேன். 300 மீட்டர்தான். நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும், ஏறும் உயரம் 15 செ.மீ.க்கு மிகக்கூடாது என்கிறது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி. எங்கள் தெருவில் ஏறும் உயரம் 28 செ.மீ. மின்சாரப் பெட்டிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே 45 செ.மீ.; ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். கார் ஏற்ற வீட்டுக்கு வீடு சரிவு கட்டியிருப்பதால் பிளாட்பாரம் ஏறுவதும் இறங்குவதுமாகப் போகிறது. அந்தச் சரிவுகளில் ஒன்று எங்களுடையது. இத்தனை வருடம் அது என் கண்ணில் படவே இல்லை.

சிக்னலிலும் அதே கதை. பாதசாரி நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது வழக்கமான கணக்கு. அதன்படி 18 மீட்டர் சாலையைக் கடக்க 15 நொடி போதும். அப்பாவுக்கு 27 நொடி ஆகிறது. பச்சை அணையும்போது அவர் நடுரோட்டில் நிற்கிறார், ஹாரன் சத்தத்துக்கு நடுவே.

புகார் கொடுத்தோம். “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று பதில் வந்தது. அப்பா இடறிய கல்லுக்கு மட்டும் சிமென்ட் பூசியிருந்தார்கள். அடுத்த கல் இன்னும் ஆடுகிறது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். 2023இல் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைப்பயிற்சிப் பாதை வந்தது. 2024இல் சென்னையில் புதிய தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. நல்ல நடைபாதை மக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றமே 2025இல் சொல்லிவிட்டது. ஆனால் பிசியோதெரபி வாசல்படியோடு நின்றுவிடுகிறது. தாழ்தள பஸ் நிறுத்தத்தில்தான் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் 300 மீட்டருக்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். அத்தனை பேருக்கும் இப்படி ஒரு 300 மீட்டர் உண்டு.

வார்டுக்கு ஒரு பாதையிலாவது தொடங்கலாம். ரேஷன் கடை, மருந்துக்கடை, பஸ் நிறுத்தம் மூன்றையும் இணைக்கும் வழியை வார்டு உறுப்பினரும் பொறியாளரும் கைத்தடி ஊன்றும் ஒருவரோடு நடந்து பார்க்கட்டும். ஏறும் உயரம் குறையட்டும், ஆடும் கற்கள் பதியட்டும், மின்பெட்டிகள் ஒதுங்கட்டும். இடையிடையே உட்கார ஒரு திண்ணை, சிக்னலில் இன்னும் பன்னிரண்டு நொடி. பூங்காவில் வாரம் மூன்று காலை, பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் முதியவர்களுக்குக் கூட்டுப் பயிற்சி. இதற்கெல்லாம் மேம்பாலம் கட்டும் செலவு ஆகாது. வீட்டுச் சரிவுகளை நாமேதான் இடிக்க வேண்டும். எங்களுடையதை இடிக்கக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.

வேலை ஒழுங்காக நடந்ததா என்று அதிகாரிகள் அறிக்கை எழுத வேண்டியதில்லை. மாதக் கடைசியில் எங்கள் வீட்டு அலமாரியில் எத்தனை டோக்கன் மிச்சம் என்று வந்து எண்ணிப் பார்க்கட்டும்.