நவீனங்களிற் கொடுமையும் காதலும்

பொருளுக்குப் பெயரிடுதல் அறிவின் முதற்பணி. பெயர் பிறழின் அறிவும் பிறழும். நஞ்சுக் குப்பியின்மேல் அமுதென்று எழுதி ஒட்டியவன், நஞ்சை ஊட்டியவனினும் குற்றம் குறைந்தவன் ஆகான். ‘டார்க் ரொமான்ஸ்’ என்னும் பெயரால் இந்நாளில் ஆங்கிலத்தில் மிகுதியாக வெளிவரும் நவீனங்களை ஆராயுமிடத்து இவ்வுண்மையே முதற்கண் நினைவிற்கு வருகின்றது. அவற்றுட் பலவற்றில் தலைவன் தலைவியை மறைந்து பின்தொடர்கின்றான், உற்றாரினின்று பிரிக்கின்றான், அவள் ‘வேண்டா’ என்பதை ‘வேண்டும்’ என்று கொள்கின்றான். ஈற்றில் அவள் அவனோடே கூடி இன்புறுகின்றாள். கொடுமையைக் காட்டுதல் குற்றமன்று. கொடுமைக்குக் காதலென்று பெயரிடுதலே குற்றம் என்பது எமது கருத்து.

காட்டுதலே குற்றமாயின், உயர்ந்த நூல்கள் பலவற்றை நாம் இழத்தல் வேண்டும். சாமுவேல் ரிச்சர்ட்சன் 1747, 1748 ஆம் ஆண்டுகளில் ஏழு பாகங்களாக வெளியிட்ட ‘கிளாரிஸா’வை நோக்குவோம். விருப்பமில்லா மணத்திற்கு வீட்டார் வற்புறுத்த, கிளாரிஸா லவ்லேஸ் என்பானது சூழ்ச்சியால் வீட்டைவிட்டு நீங்குகின்றாள். அவன் அவளை இலண்டனில் ஒரு தீய இல்லத்தில் வைத்து, அவளுடைய கடிதங்களைக் கைப்பற்றுகின்றான்; தோழி எழுதியதுபோற் பொய்க்கடிதமும் புனைகின்றான்; முடிவில் மயக்க மருந்தூட்டிக் கெடுக்கின்றான். பின்னர் மணப்பதாக அவன் கூறியும் அவள் உடன்படாது உயிர் நீக்கின்றாள். நூல் பகுதி பகுதியாக வெளிவந்தபொழுதே, இருவரையும் மணத்தில் இணைத்துக் கதையை இனிது முடிக்குமாறு வாசகர் சிலர் ஆசிரியரை வேண்டினர். ரிச்சர்ட்சன் இசைந்திலர். அன்றியும், 1749 இல் வந்த இரண்டாம் பதிப்பில், லவ்லேஸின் தீமையை வாசகர் மறவாதபடி அடிக்குறிப்புகளும் சேர்த்தார். அவர் அன்று மறுத்த முடிவையே இன்றைய ஆசிரியர் பலர் விரும்பி அளிக்கின்றனர்.

எமிலி பிராண்டியின் ‘வதரிங் ஹைட்ஸ்’ 1847 இல் வெளிவந்தது. அதில் வரும் ஹீத்கிளிஃபைக் காதலின் வடிவமாகப் போற்றுவோர் உளர். அவனை நம்பி உடன்போன இசபெல்லாவை அன்னோர் மறந்துவிடுகின்றனர். புறப்படும்பொழுதே அவளுடைய சிறு நாயை அவன் தூக்கிலிட்டான். தன்னைக் கதைத்தலைவனாக எண்ணி ஏமாந்தாள் என்று பின்னர் அவனே அவளை எள்ளுகின்றான். அவள் தப்பியோடியே உய்கின்றாள். ஆசிரியர் நூலுள்ளேயே எச்சரித்துள்ளார், வாசகர்தாம் செவிகொடுத்திலர்.

உடலைத் தீண்டாது உள்ளத்தைச் சிதைக்கும் கொடுமையும் உண்டு. பாட்ரிக் ஹாமில்டன் 1938 இல் அரங்கேற்றிய ‘கேஸ் லைட்’ நாடகத்தில், கணவன் பொருள்களைத் தானே ஒளித்துவிட்டு, மனைவிமேற் பழி சுமத்தி, அவள் பித்தியென்று அவளையே நம்பச் செய்கின்றான். அவன் மேல்மாடியில் மறைவாக விளக்கேற்றுந்தோறும் அவள் அறையிலுள்ள விளக்கு மங்குகின்றது. அவள் கண்டது மெய்யே என்று துப்பறிவாளர் ஒருவர் உறுதி கூறும்பொழுதே அவளது விடுதலை தொடங்குகின்றது. இக்கொடுமையைக் குறிக்க இன்று வழங்கும் ‘கேஸ்லைட்டிங்’ என்னும் சொல் இக்கதையினின்றே பிறந்தது. நெருங்கிய உறவினுள் ஒருவரை இடைவிடாது அடக்கியாளுதலை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. பெயரில்லாக் கொடுமையை எவரும் தண்டித்தல் அரிது.

நம் தொல்காப்பியர் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் வேறு பெயரிட்டு, ஒத்த அன்பின் ஐந்திணையினின்று பிரித்து வைத்தார். அவற்றைப் பாடலாகாது என்றாரல்லர். ஒன்றை மற்றொன்றாக மயங்கலாகாது என்பதே அப்பகுப்பால் நாம் பெறும் பாடம்.

நிற்க. “இவை கற்பனையன்றோ? முகப்பில் எச்சரிக்கை அச்சிட்டுளரே. அறிந்தே படிப்போர்க்கு வரும் கேடு யாது?” எனச் சிலர் வினவலாம். இத்தகைய நூல்களைத் தடைசெய்க என்று யாம் கூறவில்லை. படிப்போரனைவரும் கெடுவர் என்பதும் எம் வாதமன்று. ஆயினும், முகப்பிலுள்ள எச்சரிக்கை ஒரு பக்கமே. அதன்பின் வரும் முந்நூறு பக்கங்களும் அதனை மறுத்துரைப்பின், நெஞ்சில் நிற்பது எது? ஒரு பெண்ணின் மறுப்பை வெல்லுதலே ஆண்மையென்று ஓர் இளைஞன் எண்ணக்கூடும். தன் கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெற்று, தோழியரோடு பேசவும் தடைவிதிப்பவனை அன்பு மிக்கவன் என்று ஓர் இளம்பெண் கருதக்கூடும். அவளுக்குத் துணைபுரிய வேண்டிய சொல் அவளிடத்திலேயே இல்லாது போகும்.

ஆதலின், மாணவ நண்பர்களே, எந்நூலையும் படியுங்கள். ஆனால் மூன்று வினாக்களோடு படியுங்கள். இக்கதையில் மறுப்புக்கு மதிப்புண்டா? தான் கண்டதைத் தலைவி நம்ப இயலுகின்றதா? அவள் நீங்க விரும்பின் வழி திறந்துளதா? மூன்றுக்கும் இல்லை என்பதே விடையாயின், அந்நூல் திறமையாக எழுதப்பட்டதாயினும் ஆகுக. அதனைக் காதற்கதை என்று மட்டும் சொல்லாதிருப்போமாக.