தட்டு தூக்குற வேலை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

துபாயில் மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் மகன், மருமகள் கல்யாண நாள். ஒரு பெரிய லெபனான் உணவகத்துக்குக் கூட்டிப் போனார்கள். சரவிளக்கு, வெள்ளைத் துணி விரித்த மேசை, ஓரத்தில் அடுப்பிலிருந்து பூரி போல உப்பி வரும் ரொட்டி. விலைப் பட்டியலைப் பார்த்து மனசுக்குள் ரூபாயில் பெருக்கிவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

பேரன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. "ஒழுங்கா படிடா. இல்லைன்னா இப்படித்தான் தட்டு தூக்கணும்" என்றேன். தமிழ்தானே, யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்.

கிண்ணங்களை வைத்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்தான். முகம் மாறவில்லை. "அம்மா, இது ஹம்மஸ். நம்ம ஊரு கொண்டைக்கடலைதான். வேகவச்சு, எள்ளு விழுது, பூண்டு, எலுமிச்சை சேர்த்து அரைச்சது" என்றான். திருவாரூர்ப் பக்கத்துப் பையன். எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

அவன் தொடர்ந்து சொன்னான். முதபல் என்றால் சுட்ட கத்தரிக்காயை எள்ளு விழுதோடு மசிப்பது. "நம்ம சுட்ட கத்தரிக்கா மாதிரியே வாசம் வரும்மா." லப்னே என்பது தண்ணீர் வடித்த கெட்டித் தயிர். தபூலேயில் பார்ஸ்லிக் கீரைதான் அதிகம், உடைத்த கோதுமை கொஞ்சம். இந்தச் சின்னக் கிண்ணங்களுக்கு மொத்தமாக மெஸ்ஸே என்று பெயர். ஸ்பூன் வேண்டாம், ரொட்டியைப் பிய்த்து வழித்துச் சாப்பிட வேண்டும். யாருக்காவது எள், கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டான். மகன் மேலும் சொல்லப் போனபோது, "இதுவே நாலு பேருக்குப் போதும் சார், வீணாயிடும்" என்று தடுத்தான். பேரன் போனை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதைத்தான் அந்தப் பையன் செய்தான்.

கிளம்பும்போது, "சாப்பிட்டியாப்பா?" என்றேன். "வேலை முடிஞ்சுதாம்மா" என்றான். "நான் சொன்னதை மனசுல வச்சுக்காதேப்பா" என்றேன். சிரித்தான். "எங்க டீச்சரும் இதையேதான்மா சொல்லுவாங்க."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எத்தனை பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருப்பேன்! மாடு மேய்க்கப் போ, மேசை துடைக்கப் போ. படிக்க வைக்கத்தான் சொன்னேன். ஆனால் வகுப்பில் யாருடைய அப்பா ஓட்டலில் வேலை பார்க்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு பரிமாறிய ஆயாவின் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறேன். அவர் கை இல்லாவிட்டால் மத்தியானம் என் வகுப்பில் பாதிப் பேர் பசியோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

லெபனானில் 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர். ஊரை விட்டுப் போனவர்களில் பலர் போன இடங்களில் சமைத்துப் பரிமாறித்தான் பிழைத்தார்கள். அவர்கள் நாட்டுச் சாப்பாட்டை இன்று உலகமே தேடி வந்து சாப்பிடுகிறது.

அந்தப் பையன் நாலு மொழி பேசுகிறான், அதனால் மரியாதை கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாமல் மேசை மட்டும் துடைத்தாலும் அது கௌரவமான வேலைதான். படிப்பின் அருமையைச் சொல்ல இன்னொருவர் பிழைப்பை இழிவாகக் காட்ட வேண்டியதில்லை. இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, இந்த ஒரு வசனத்தை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்னிடம் அந்தப் பேச்சு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடுங்கள். எந்த ஊரில் என்ன வேலையில் இருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஓட்டலில் இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்