எண்ணிக்கை போதாது, பங்கீடு வேண்டும்

2024 மார்ச்சில் இந்தியா ஏஐ இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்த மத்திய அமைச்சரவை, 10,000-க்கும் மேற்பட்ட ஜிபியுக்களை (வரைகலைச் செயலிகளை) திரட்டப்போவதாக அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் வாங்கிக் குவித்தால் மட்டும் வேகம் வந்துவிடாது. எந்த வேலையை எந்த ஜிபியுவிடம் ஒப்படைக்கிறோம் என்பதே முக்கியம். ஏஐ மாடல்களை இயக்கும் மென்பொருளான டென்சர்ஃப்ளோவில் எதையும் குறிப்பிடாமல் விட்டால், கண்ணில் படும் எல்லா ஜிபியுக்களின் நினைவகத்தையும் அது பிடித்துக்கொள்ளும். கணக்குகளையோ முதல் ஜிபியுவின் தலையிலேயே கட்டும். 7,000 கோடி அளவுருக்கள் கொண்ட மாடலுக்கு 16 பிட்டில் 140 ஜிபி நினைவகம் வேண்டும். 80 ஜிபி கொண்ட எச்100 ஜிபியு ஒன்றில் அது அடங்காது, பிரித்தே ஆக வேண்டும். பிரிப்பதிலும் நிதானம் தேவை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்கள் இதை அறிவார்கள்: பறித்த பழத்தை அன்றே தோலுரிக்க வேண்டும், தோலுரிக்கும் எந்திரமான பல்பர் தொலைவில் இருந்தால் ஆள் எத்தனை இருந்தும் பயனில்லை. ஜிபியுக்களுக்கும் இடையிலுள்ள பாதைதான் முக்கியம். எச்100-க்களை நேரடியாக இணைக்கும் என்விலிங்க் நொடிக்கு 900 ஜிபி கடத்தும். கணினியின் வழக்கமான இணைப்பான பிசிஐஇ, ஐந்தாம் தலைமுறையிலும் 128 ஜிபிதான். ஆகவே மாடலின் ஒவ்வோர் அடுக்கையும் துண்டாக்கிப் பகிர்வதை என்விலிங்க் உள்ள இடத்தோடு நிறுத்துங்கள். இல்லாத இடத்தில் அடுக்குகளை வரிசையாகப் பிரித்துக் கொடுங்கள். மக்கள் பணத்தில் இயங்கும் ஒவ்வொரு சேவையும், தன் ஜிபியுக்கள் எவ்வளவு நேரம் உழைத்தன என்ற கணக்கை வெளியிட வேண்டும்.