கயிறு இழுத்த பையன்

கடைசல் பட்டறை என்றதும் பெரியவர்களின் முகம் மலரும். தொட்டில் கம்பு, கட்டில் கால், மோர் கடையும் மத்து, பையன்களுக்குப் பம்பரம் எல்லாம் அங்கே பிறந்தவை. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் சேர்ந்திருந்த காலம் அது. "அந்தக் காலம்போல வருமா?" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

வராது. அதில் ஒரு பகுதி வராமல் இருப்பதே நல்லது!

மின்சாரம் எட்டாத ஊர்களில் கடைசல் மரத்தைச் சுழற்றியது கயிறுதான். ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுப்பார். மரம் முன்னும் பின்னும் சுழலும். மற்றவர் உளியை வைத்துக் கடைவார். கயிறு இழுக்க ஆள் வேண்டுமே! கூலி கொடுக்க வழியில்லாத வீட்டில் சொந்தப் பிள்ளைதான் ஆள். சிலேட்டுப் பிடிக்க வேண்டிய கையில் கயிறு. பம்பரம் வாங்கிய பையன் துள்ளினான். கயிறு இழுத்த பையனை யார் பார்த்தார்கள்?

நல்லதும் இருந்தது. ஈரம் காயாத மரத்தில் நல்ல ஆசாரி கை வைக்க மாட்டார். கட்டில் கால் ஒன்று உடைந்தால், மற்ற மூன்றுக்கும் பொருத்தமாகப் புதுக்கால் கடைந்து கொடுப்பார். இன்று உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியை யாரிடம் கொண்டுபோவது?

கடைசலில் மரம் சுழலும். சிற்பத்தில் மரம் அசையாது, உளிதான் நகரும். அந்த உளிச் சத்தம் பெரம்பலூர் மாவட்டத்தில் இன்னும் கேட்கிறது. பச்சைமலைப் பக்கத்தில் உள்ள அரும்பாவூரிலும் தழுதாழையிலும் வாகை, மா, வேம்பு மரங்களில் சாமி சிலைகள் செதுக்குகிறார்கள். ஒட்டுப் போடாமல் ஒரே மரத்தில் முழுச் சிலையையும் எடுப்பது அவர்களின் சிறப்பு. உளி கொஞ்சம் தவறி மூக்கு போனால், பல நாள் பாடும் போச்சு.

2020-ல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கை அரும்பாவூர்ச் சிற்பம் என்று விற்க இனிச் சட்டம் இடம் தராது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் குறியீடு ஊர்ப் பெயரைத்தான் காக்கும். உளி பிடிப்பவரின் கூலியை அது நிர்ணயிக்காது. கம்ப்யூட்டர் சொன்னபடி செதுக்கும் இயந்திரமும் சந்தைக்கு வந்துவிட்டது. அதன் வேகத்தோடு கை போட்டி போட முடியுமா?

சிலை வாங்கப் போகிறவர்கள், ஒரே மரமா, ஒட்டா என்று கேளுங்கள். கையால் செதுக்கியதா என்றும் கேளுங்கள். ஒரே மரம், கைவேலை என்றால், பேரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள்.