காற்றாடி மழையை விரட்டுகின்றதா?

கோவில்பட்டி, கயத்தாறு முதலிய கரிசல் பக்கங்களில் ஒரு பேச்சு நடமாடுகின்றது. அதாவது, காட்டில் நிற்கும் மின்சாரக் காற்றாடிகள் மழை மேகத்தை விரட்டிவிடுகின்றனவாம். படித்தவர்கள் என்போரும் இதற்குத் தலையாட்டுவதால் நாம் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது.

தமிழ்நாட்டில் முதல் காற்றாடிப் பண்ணை தூத்துக்குடிக்கு அருகில் 1986-ல் வந்தது. தாது வருஷப் பஞ்சமோ 1876-ல் வந்தது. அன்று மேகத்தை விரட்டின காற்றாடி எது? நம் பாட்டன்மார் மழை வேண்டிக் கொடும்பாவி கட்டி இழுத்தார்களே, அது எந்தக் காற்றாடி செய்த குற்றத்திற்காக?

உண்மை என்னவென்றால், தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைக்கு மேற்கே மலையாளத்தில் கொட்டிவிட்டு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியாக நம் பக்கம் வறண்ட காற்றாய்ப் பாய்கின்றது. அந்தக் காற்று இருப்பதால்தான் காற்றாடியை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். ஆகவே, காற்றாடி வந்து மழை போகவில்லை. மழையில்லாக் காற்றைத் தேடியே காற்றாடி வந்தது. நமக்குப் பெய்யும் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. அப்போது காற்றாடிகளில் பெரும்பாலானவை சோம்பி நிற்பதை யாரும் கண்ணால் பார்க்கலாம்.

காற்று ஓய்ந்த மாதங்களிலும் விளக்கு எரிகின்றதே, அது எங்கிருந்து? ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரி பாரதீப் துறையில் கப்பலேறி, 1979-ல் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல் நிலையத்துக்கு வருகின்றது. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீர் 1944 முதல் மின்சாரம் தருகின்றது. கூடங்குளத்தில் எரிவது ருஷ்ய நாட்டு யுரேனியம். அடுப்புக் காஸும் பாதிக்குமேல் அன்னிய நாட்டுச் சரக்கு. அதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து கப்பலில் வந்திருக்கின்றது. இவற்றில் எதுவும் வரத்தால் வந்ததல்ல. சுரங்கத்தில் இறங்கினவனும், கம்பத்தில் ஏறினவனும் பாடுபட்டு வந்தது.

நிற்க, காற்றாடிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. நிலம் கொடுத்த சம்சாரிக்குக் கிடைத்த விலை என்ன? அந்த நிலத்தில் விளையும் மின்சாரத்தின் லாபம் யாருக்கு? காற்றாடிக்குப் பாதை போட்டபோது கண்மாய்க்கு வரும் ஓடை அடைபட்டதா? இவையே ஊர்க்கூட்டத்தில் கணக்கோடு கேட்கவேண்டிய கேள்விகள். மேகத்தைக் காட்டிப் பேசினால் கம்பெனிக்காரன் சிரித்துவிட்டுப் போவான். அடைபட்ட ஓடையைக் காட்டினால் பதில் சொல்லித்தான் தீரவேண்டும். தோழர்கள் யோசிப்பார்களாக.