தானம் என்ற சொல் யாருடைய வாயை அடைக்கிறது?

ஆகஸ்ட் 3 இந்திய உறுப்புதான நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1994இல் அதே நாளில்தான் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் பி. வேணுகோபால் தலைமையில் நாட்டின் முதல் வெற்றிகரமான இதயமாற்று அறுவை சிகிச்சை நடந்தது. உறுப்புமாற்றுச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். அந்த நாள் வந்தால் பல்கலைக்கழக வளாகங்களில் உறுதிமொழி, பேரணி, பதாகை. இறந்தவர் எட்டுப் பேரின் உடலில் தொடர்ந்து வாழ்கிறார் என்ற வாசகம் எல்லாப் பதாகைகளிலும் இருக்கும். ஒரு தாய் அந்த வாசகத்தை அப்படியே நம்பிவிட்டால் என்ன நேரும் என்று அதை எழுதியவர்கள் யோசிப்பதில்லை.

உறுப்புக்கொடை தேவை என்பதில் ஐயமில்லை. குற்றச்சாட்டு அதைச் சூழ்ந்திருக்கும் மொழியின் மீது. கையெழுத்து வாங்கும்வரை அந்த மொழி உறவைப் பேசுகிறது. வாங்கியபின் விதியைப் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவே அகப்படுபவர்கள் கொடுத்த குடும்பமும் பெற்ற நோயாளியும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் குடும்பம் கேட்கும் முதல் சொல்லான 'மூளைச்சாவு' என்பதிலிருந்தே தொடங்கலாம். மூளைத்தண்டின் செயல்பாடு முழுவதும் மீளாதபடி நின்றுவிட்டால் அதை மரணம் என்றே சட்டம் கொள்கிறது. நால்வர் அடங்கிய மருத்துவக் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் இறந்தவர் அந்த மனிதர். தமிழ்ச் சொல்லோ ஆறாம் வேற்றுமைத் தொகையாகவே காதில் விழுகிறது: மூளையினது சாவு. செத்தது மூளை என்றால் மனிதர்? நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை வெதுவெதுப்பாக இருக்கிறது. 'மூளைதானே செத்திருக்கிறது' என்று கேட்கும் தாயை விழிப்புணர்வற்றவர் என்று குறித்துக்கொள்கிறார்கள். அவர் தம் மொழியைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார். 'மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள் அகற்றப்பட்டன, பின்னர் அவர் உயிர் பிரிந்தது' என்ற பாணியில் வரும் செய்திகள் இக்குழப்பத்தைக் குற்ற உணர்வாக மாற்றிவிடுகின்றன. உறுப்பை எடுத்ததால்தான் உயிர் போயிற்று என்றல்லவா அந்த வாக்கிய வரிசை சொல்கிறது? கையெழுத்திட்டவர் அந்த வாக்கியத்தோடு எஞ்சிய காலமெல்லாம் வாழ வேண்டும்.

அடுத்த சொல் 'தானம்'. கொடுத்தலைக் குறிக்கும் சொற்களில் படிநிலை ஒளிந்திருப்பதைத் தமிழிலக்கணம் மிக முன்பே கண்டுகொண்டது. ஒன்றை இரந்து கேட்கும்போது தாழ்ந்தவர் 'ஈ' என்பார், ஒத்தவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார் என வகுத்தது தொல்காப்பியச் சொல்லதிகாரம். தானம் என்ற சொல்லிலும் அப்படியொரு படிநிலை உண்டு. கொடுப்பவர் புண்ணியம் ஈட்டுகிறார். ஆகவே கைம்மாறு எதிர்பார்க்கக்கூடாது. பெறுபவர் தாழ்ந்து நிற்கிறார். ஆகவே குறை சொல்லக்கூடாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழி இந்த இரண்டாம் விதியைத்தான் சொல்கிறது. திரும்பத் தரும் கடமையைச் சுமக்காத கொடை இல்லை என்று மார்செல் மோஸ் 1925இலேயே காட்டினார். உறுப்புமாற்றுத் துறையை நெடுங்காலம் ஆராய்ந்த ரெனே ஃபாக்ஸும் ஜூடித் ஸ்வேஸியும் அக்கடமை பெறுபவரை அழுத்துவதைக் 'கொடையின் கொடுங்கோன்மை' என்றே அழைத்தனர்.

அரசுத் திட்டங்களின் பெயர்களும் இதே மரபில்தான் வருகின்றன. கேரளத்தில் அது மிருதசஞ்சீவனி, அதாவது இறந்தவரை எழுப்பும் மூலிகை. தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் ஜீவன்தான், உயிர்த்தானம். கர்நாடகத்தில் ஜீவசார்த்தகதே, வாழ்வின் பொருள்நிறைவு. மூன்று பெயர்களும் உயிரையும் வாழ்வையுமே முன்னிறுத்துகின்றன. மிருதசஞ்சீவனி எழுப்பாத ஒரே ஒருவர், யாருடைய உறுப்புகள் எடுக்கப்பட்டனவோ அவர்தாம். அவர் வீட்டில் நிகழ்ந்த இழப்பைச் சொல்ல அத்திட்டங்களின் பெயர்களில் ஓர் எழுத்துகூட இல்லை.

'உங்கள் மகன் வாழ்கிறான்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியபின், 'எங்கே வாழ்கிறான்?' என்று தந்தை கேட்டால், பெற்றவரின் அடையாளம் இரகசியம் என்று விடை வருகிறது. இரகசியம் காப்பதற்குத் தக்க காரணம் உண்டு. பணம் கேட்டும் உறவு கொண்டாடியும் நெருக்கடி எழக்கூடும். ஆனால் அந்த இரகசியம் ஒருபக்கமானது. கொடுத்தவரின் பெயர், வயது, ஊர், படம் அனைத்தும் மறுநாள் நாளேட்டில் வந்துவிடுகின்றன. பெற்றவர் தேதியை ஒப்பிட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். கொடுத்த குடும்பத்துக்கு அந்த வழியும் இல்லை. பிரிட்டனில் இருதரப்பும் பெயர் குறிப்பிடாமல் கடிதம் எழுத முடியும். அதைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பைத் தேசிய நலப்பணி அமைப்பே ஏற்கிறது. அதற்கு ஓர் அலுவலரும் ஓர் அஞ்சல்தலையும் போதும். இங்கு அத்தகைய வழி பொதுநடைமுறையாக வேரூன்றவே இல்லை.

பெற்றவருக்கு ஊடகம் தரும் சொல் 'மறுபிறவி'. பிறந்த குழந்தைக்குக் கடன் கிடையாது, இவருக்கு உண்டு. புதிய உறுப்பை உடல் அயலானாகவே பார்ப்பதால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை வேளை தவறாமல் அந்த உறுப்பு உள்ளவரை விழுங்க வேண்டும். எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் தொற்றும் சிலவகைப் புற்றுநோயும் எளிதில் புகும். இதயமாற்று செய்துகொண்ட பிரெஞ்சு மெய்யியலாளர் ழான்-லூக் நான்சி, பின்னர் புற்றுநோய்க்கும் ஆளானார். தம் அனுபவத்தை 2000இல் நூலாக்கியபோது 'ஊடுருவி' என்ற பொருள்படும் தலைப்பையே அதற்கு இட்டார். அந்த நேர்மை இங்குள்ள நோயாளிக்கு மறுக்கப்படுகிறது. மருந்துச் செலவை யார், எத்தனை ஆண்டு ஏற்பது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அதைப் பற்றி முறையிட்டால் 'உயிர் கிடைத்ததே, போதாதா?' என்பார்கள். மறுபடியும் மாட்டின் பல்.

உயிரோடிருப்பவர் கொடுக்கும் உறுப்பில் இச்சொல் இன்னும் கொடிதாகிறது. இந்தியாவில் நடக்கும் உறுப்புமாற்றில் மிகப்பெரும் பங்கு இவ்வகையே. கொடுப்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். மனைவியும் தாயும் வரிசையில் முதலில் நிறுத்தப்படும்போது அதைத் தானம் என்பது, கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்வது போன்றது.

2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, உறுப்பு அளித்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால் மரியாதை ஒரு நாளில் முடிகிறது. கொடுத்தவர்களில் பலர் சாலை விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தவர்கள், வீட்டின் வருவாயைத் தாங்கியவர்கள். பதினாறாம் நாளுக்குப் பின் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுபவர் யார்? அந்தப் பணி யாருடைய கடமைப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது?

இப்படியெல்லாம் பேசினால் கொடை குறைந்துவிடும் என்பது எதிர்வாதம். 2023இல் நாட்டில் நடந்த உறுப்புமாற்றுகள் 18,000ஐத் தாண்டின. ஆனால் இறந்தபின் உறுப்பளித்தவர்கள் ஏறத்தாழ 1,100 பேர்தாம். பத்து இலட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. இத்தனை ஆண்டுப் பதாகைகளின் விளைச்சல் இவ்வளவே. ஸ்பெயினில் அதே விகிதம் 40ஐக் கடந்தது. அங்கே எல்லாரையும் கொடையாளராகக் கருதும் சட்டம் 1979 முதல் இருந்தும், 1989இல் தேசிய அமைப்பு தோன்றி, மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்திய பின்னரே எண்ணிக்கை உயர்ந்தது. குடும்பத்தைக் கேட்காமல் அங்கும் எடுப்பதில்லை. பேசத் தெரிந்தவரைப் பேச வைத்தார்கள், அதுவே வேறுபாடு.

மொழித்துறைகள் இதில் பார்வையாளர்களாக இருக்க உரிமையில்லை. சம்மதப் படிவங்களையும் ஆலோசனைக் கையேடுகளையும் ஒவ்வொரு மொழியிலும் மீண்டும் எழுதுவது அவர்களுடைய வேலை. 'அவர் இறந்துவிட்டார், மூச்சை இயக்குவது கருவி' என்று மருத்துவர் முதலில் சொல்லட்டும். உறுப்பு கேட்கும் பேச்சு அதன்பின், வேறொருவர் வாயிலாக, வேறொரு வேளையில் வரட்டும். மறுக்கும் குடும்பத்தைச் சுயநலமி ஆக்காத சொற்கள் அங்கே இருக்கட்டும். கொடுத்த குடும்பத்துக்கு ஓராண்டேனும் துயர்த்துணையும், பெயரில்லாக் கடிதத்துக்கு ஒரு வழியும், பெற்றவருக்கு வாழ்நாள் மருந்தும் எழுத்தில் உறுதிசெய்யப்படட்டும். இவை வரும்வரை, அடுத்த ஆகஸ்ட் 3 அன்று பதாகை எழுத அமரும் மாணவர்கள் 'வாழ்கிறார்' என்ற வினைமுற்றை மட்டுமாவது விட்டுவிடலாம். அவர் இறந்தார்; அவர் குடும்பம் இழந்தது; அந்த இழப்பின் நடுவிலும் கொடுத்தது. இவ்வளவும் உண்மை, பதாகையிலும் இடம் கொள்ளும்.