தனுஷ்கோடி பேய் நகரமா?

தனுஷ்கோடி பற்றி யார் எழுதினாலும் 'பேய் நகரம்' என்ற பட்டம் எப்படியோ வந்துவிடுகிறது. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தது, பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலில் போனது, மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது... எல்லாம் உண்மைதான். ஆனால் மீனவர்கள் திரும்பி வந்து குடிசை போட்டார்களே! இன்றும் கரைவலை இழுக்கிறார்கள். இரண்டு பக்கமும் உப்புக் கடல். நடுவே மணலைச் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. அதைக் குடத்தில் மொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். இதைவிடவா அதிசயம் அந்த இடிந்த சர்ச்?

2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. அதற்கு முன் மணலில் வேன் பிடித்துப் போக வேண்டும். இப்போது காரிலேயே போய், போட்டோ எடுத்து, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். (எங்கள் திருவண்ணாமலையில் மட்டும் என்ன வாழ்கிறது? 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்களில் எத்தனை பேர் அடி அண்ணாமலையில் நின்று யாரிடமாவது பேசுகிறார்கள்?)

பேய் நகரம், பேய் நகரம் என்று சொல்லச் சொல்ல, அங்கே ஆளே இல்லை என்றாகிவிடும். ஆளில்லாத கடற்கரையில் ரிசார்ட் கட்டுவது சுலபம். பட்டா கேட்டு வருகிறவரிடம் 'அதுதான் வாழத் தகுதியற்ற இடமாயிற்றே' என்று கைவிரிப்பது இன்னும் சுலபம்.

போகிறவர்கள் அந்தக் குடிசைக் கடையில் மீன் சாப்பிடுங்கள். சிப்பி மாலைக்குப் பேரம் பேசாதீர்கள், ப்ளீஸ்.